தொண்ணூற்றொன்பதரைக்கு ஒரு மூடி சிரப்பா?

காலை ஆறரை மணி. சிவகாசி பக்கத்து ஆனைக்குட்டத்தில் பட்டாசு ஆலைக்குப் போகிற வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. தூக்குச்சட்டியில் சோறு கட்டியாயிற்று. செருப்பை மாட்டும் நேரத்தில் உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுக்கிறார்: "சின்னவனுக்கு மேலு கதகதங்குது தாயி, தொட்டுப் பாரு." பையனுக்கு மூன்று வயது. பாயில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான். தாய் புறங்கையை நெற்றியில் வைக்கிறார், கழுத்தில் வைக்கிறார். சுடுவது போலவும் இருக்கிறது, சுடாதது போலவும் இருக்கிறது. அலமாரியில் போன மாதம் வாங்கிய சிரப் பாதி பாட்டில் மிச்சம். மூடி நிறைய ஊற்றிப் புகட்டிவிட்டு வேனுக்கு ஓடுகிறார். முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனைக்குட்டத்தில் மட்டும் நடப்பதில்லை இது. சென்னை அடுக்குமாடி வீட்டிலும் இதேதான். அங்கே புறங்கைக்குப் பதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், அது 99.5 காட்டியதும் டாக்டருக்கு வாட்ஸ்அப் செய்தி. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் உடனே இறக்கிவிட வேண்டும். விட்டால் ஏறும். ஏறினால் மூளையைத் தாக்கும், ஜன்னி காணும். ஒரு மூடி சிரப் கொடுப்பதால் என்ன கெட்டுப்போகும்?

இந்த நம்பிக்கை பாசத்திலிருந்து பிறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒவ்வொரு வரியிலும் தவறு. அதனால் கெட்டுப்போவதும் கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் அந்த எண். "98.4 தான் நார்மல், அதுக்கு மேல போனா காய்ச்சல்" என்று மருந்துக்கடைக்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை சொல்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து, 1868-ல் ஒரு நூல் வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், என்ற சராசரி அதில் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதை 98.4 என்று சொல்லிப் பழகினார்கள். நமக்கு வந்து சேர்ந்தது அந்த வழக்கு. சராசரி என்றாலே ஏறக்குறைய பாதிப் பேர் அதற்கு மேலேதான் இருப்பார்கள். உயரத்தின் சராசரியைத் தாண்டியவரை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. வெப்பத்தில் மட்டும் அந்தச் சராசரி தாண்டக்கூடாத கோடாக மாறிவிட்டது.

அந்த எண்ணையே பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். 1992-ல் அமெரிக்க மருத்துவர் பிலிப் மக்கோவியாக் ஆரோக்கியமான 148 பேரை நாளின் வெவ்வேறு வேளைகளில் அளந்து பார்த்தார். சராசரி 98.2 வந்தது, நோயில்லாத உடம்பிலேயே 99.9 வரை போகலாம் என்றும் தெரிந்தது. ஒரே உடம்பு ஒரே நாளில் விடியற்காலை தாழ்ந்தும் மாலை நான்கு முதல் ஆறு மணி வாக்கில் உயர்ந்தும் நிற்கும். குழந்தை ஓடி விளையாடிவிட்டு வந்தால் கூடும், அழுதால் கூடும், போர்வையில் சுற்றி வைத்தால் கூடும். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளையின் நெற்றி சுடத்தான் செய்யும். சித்திரை மாத மாலை ஐந்து மணிக்கு 99.5 காட்டினால் அது பிள்ளையைப் பற்றிச் சொல்வதைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

நம் நாட்டு அரசு சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் குழந்தை நோய் மேலாண்மை முறையே இதற்குச் சாட்சி. அக்குளில் 99.5 டிகிரி, அதாவது 37.5 செல்சியஸ், இருந்தால் அதைக் காய்ச்சல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த முறை. பாராசிட்டமால் கொடுக்கச் சொல்வதோ 101.3-ஐ, அதாவது 38.5 செல்சியஸை, எட்டிய பிறகு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியில் பணியாளர் சும்மா இருக்க வேண்டும் என்று பொருளில்லை. பிள்ளை பால் குடிக்கிறதா, வாந்தி எடுக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பாட்டிலைத் திறப்பது மட்டும் அதில் இல்லை.

தெர்மாமீட்டர் 98 காட்டினால் மட்டும் இந்த நம்பிக்கை அடங்கிவிடுமா? "வெளியே காட்டாது, உள்காய்ச்சல்" என்று பதில் தயாராக இருக்கும். எண் கூடினாலும் மருந்து, கூடாவிட்டாலும் மருந்து. தாயின் கையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. "சுடல" என்று கை சொன்னால் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். "சுடுது" என்று சொல்லும்போதுதான் அடிக்கடி தப்புகிறது. அடுப்படியிலிருந்து வந்த கைக்கு ஒரு சூடு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்த கைக்கு இன்னொரு சூடு. அந்தச் சமயத்தில் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, அது பீப் ஒலி எழுப்பும் வரை பிள்ளையின் கையை உடம்போடு அணைத்துப் பிடித்தால் போதும்.

அடுத்து, "காய்ச்சல் மூளைக்கு ஏறிரும்" என்ற பயம். இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1980-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 81 பெற்றோரிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் 104 டிகிரியோ அதற்குக் குறைவோ இருந்தாலே மூளைக்குக் கேடு வரும் என்று நம்பியது தெரிந்தது. அவர் அதற்குக் காய்ச்சல் பீதி என்றே பெயர் வைத்தார்.

உண்மையில் நடப்பது வேறு. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் சேதி மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸுக்குப் போகிறது. உடம்பின் சூட்டை நிர்ணயிக்கும் இடம் அது. அது தன் அளவை 98-லிருந்து 101-க்கு உயர்த்தி வைக்கிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்குகிறது, போர்வை கேட்கிறது. உடம்பு புது அளவை எட்டப் பாடுபடுகிறது. ஏற்றுவது மூளைதான், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். சாதாரணத் தொற்றுக் காய்ச்சல் 106 டிகிரியைத் தாண்டுவது மிக அரிது. சளிக்காய்ச்சல் 101-லிருந்து ஏறிக்கொண்டே போய் மூளையை வேகவைத்துவிடும் என்பது அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துச் செய்த கற்பனை.

அந்தச் சூட்டுக்கு ஒரு வேலையும் உண்டு. 1975-ல் மத்தேயு குளூகர் என்ற ஆய்வாளர் பாலைவன ஓணான்களுக்குக் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். ஓணான் தன் உடம்புக்குள் சூட்டை உண்டாக்க முடியாது. சுற்றியிருக்கும் சூடுதான் அதற்கு. 34 டிகிரி செல்சியஸில் வைத்தவை மடிந்தன. 40, 42 டிகிரியில் வைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. கிருமி பெருகுவதற்கு உடம்பின் வழக்கமான சூடு வசதி. கூடுதல் சூடு இடைஞ்சல். காய்ச்சல் இறங்கினால் நோய் இறங்கியதாக ஆகாது. புகையைக் கையால் விசிறி ஒதுக்கினாலும் நெருப்பு அணையாதது போல, இருமல், வயிற்றுப்போக்கு, தொண்டைப் புண் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"சரி, ஜன்னி வராதா? வலிப்பு வந்தா யார் பாப்பா?" இதுதான் எதிர்த் தரப்பின் கூர்மையான கேள்வி. காய்ச்சல் வலிப்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்த தாய் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கும்போது பிள்ளை போய்விட்டது என்றே தோன்றும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். படிப்பையோ புத்தியையோ பாதிப்பதில்லை. வளர வளர நின்றுபோகும்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்து வலிப்பைத் தடுக்க முடியுமா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தாயிற்று. முடியவில்லை. காய்ச்சல் இருப்பதே தெரியாமல் இருக்கும் நேரத்தில், அது ஏற ஆரம்பிக்கும்போதே பல பிள்ளைகளுக்கு வலிப்பு வந்துவிடுகிறது. ஆகவே "ஜன்னி வராம இருக்க ஒரு மூடி" என்பது தாய்க்குத் தைரியம் தருகிறதே தவிர பிள்ளைக்குக் காப்பு தருவதில்லை. உண்மையான காப்பு வலிப்பு வரும்போது என்ன செய்வது என்று தெரிந்திருப்பது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கையில் சாவியைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். முதல் தடவை வந்தது என்றால், சீக்கிரம் நின்றுபோனாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி, "என்ன கெட்டுப்போகும்?" என்ற கேள்விக்கு வருவோம்.

சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பாட்டிலில் இருப்பது. மற்றது வெடிக்குள் அடைப்பது. வெடி மருந்து விஷயத்தில் இந்த ஊர்ப் பெண்களைப் போல அளவு தெரிந்தவர்கள் யாருமில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து கைவசம் வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. விதி மீறினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கைகளே வீட்டுக்கு வந்ததும் மூடியாலும் கரண்டியாலும் குத்துமதிப்பாக ஊற்றுகின்றன என்றால், இந்த மருந்துக்கும் அளவு உண்டு என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்றே பொருள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாராசிட்டமாலின் அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்புகளில் ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். முதல் பாட்டிலில் 5 மில்லி ஊற்றினால் சரியான அளவு. இரண்டாவதில் ஊற்றினால் இரு மடங்கு. "சொட்டு மருந்துதானே, லேசாத்தான் இருக்கும்" என்று நினைத்து அதே 5 மில்லியை ஊற்றினால் 500 மில்லிகிராம். ஒரு பெரிய ஆளுக்கான மாத்திரை. கூடவே சளிக்கு என்று வாங்கிய சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருந்தால் அதுவும் சேரும். பகலில் ஆச்சி கொடுத்தது தெரியாமல் சாயங்காலம் அம்மாவும் கொடுப்பது எத்தனை வீட்டில் நடக்கிறது! இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் அடி விழுவது ஈரலில்.

பாராசிட்டமாலாவது அளவோடு கொடுத்தால் பாதுகாப்பானது. அவசரமாக இறக்க வேண்டும் என்ற வெறி அதோடு நிற்பதில்லை. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு நிமிசுலைடு சிரப் தாராளமாகக் கொடுத்தார்கள். சூட்டைச் சட்டென்று இறக்கும் என்பதுதான் அதன் புகழ். ஈரலைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 2011-ல் இந்திய அரசு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்தது. குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதை உலகமே விட்டது ரெய்ஸ் என்ற அரிய நோய்க்குப் பயந்து. மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் ஆன்டிபயாடிக் ஒன்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. "ஊசி போட்டாத்தான் விடும்" என்று அடம்பிடித்துப் போடவைக்கும் ஊசியும் இதே பட்டியலில்தான் வரும்.

இதன் உச்சத்தை 2025-ல் நாடு பார்த்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் சளி, இருமல், லேசான காய்ச்சல் என்று வந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கோல்ட்ரிஃப் என்ற சிரப் கொடுக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அந்த மருந்தைத் தயாரித்தது நம் மாநிலத்திலேயே, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் நிறுவனம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்தத் தொகுதியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். உரிமம் ரத்தானது, கைதுகள் நடந்தன. இந்தக் குற்றத்தில் எந்தத் தாய்க்கும் பங்கில்லை. முழுப் பழியும் தயாரித்தவர்கள் மேலும் கண்காணிக்கத் தவறியவர்கள் மேலும்தான். ஆனால் ஒரு கேள்வியை ஒதுக்க முடியாது. தானே சரியாகப் போகக்கூடிய சளிக்கும் லேசான சூட்டுக்கும் சிரப் எதற்கு? ஐந்து வயதுக்குக் கீழே இருமல் சளி மருந்துகள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார இயக்குநரகம் அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. அது அன்று புதிதாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. பல வருடங்களாகக் குழந்தை மருத்துவம் சொல்லிவருவதுதான்.

எதிர்த் தரப்பில் மிச்சமிருக்கும் வாதம் ஒன்று. அதுதான் எல்லாவற்றிலும் நியாயமானது. "வீட்ல இருந்து பாத்துக்கிட முடியுமா? ஒரு நாள் போகலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. பிள்ளைக்கு மேலு சுடுதுன்னு சொன்னா அங்கன்வாடில சேக்க மாட்டாங்க." எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு, ஒரு மூடி சிரப் என்பது அன்றைய சம்பளத்தைக் காப்பாற்றும் வழி. இதை அறியாமை என்று எழுதித் தள்ளிவிடுவது அநியாயம்.

ஆனாலும் அந்த மூடி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பாராசிட்டமால் நான்கைந்து மணி நேரம் சூட்டை மறைக்கும். ஆறரைக்குக் கொடுத்தது பதினொன்றரைக்கு விட்டுப்போகும். அப்போது தாய் ஆலையில் இருப்பார். பிள்ளை அங்கன்வாடியிலோ ஆச்சி மடியிலோ இருக்கும். காலையில் என்ன இருந்தது, எப்போது என்ன கொடுத்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நோய் மோசமாகும் முதல் அடையாளங்கள் தெரியவேண்டிய நேரத்தில் அவற்றைத் தெரிந்துகொள்ளக்கூடியவர் அருகில் இருக்க மாட்டார். ஆகவே கூலிப் பிரச்சினைக்குச் சிரப் தீர்வாகாது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு எழுதி வைத்தது. பிள்ளைக்கு முடியாத நாளில் சம்பளத்தோடு விடுப்பு, வேலைக்குப் பக்கத்தில் காப்பகம், அங்கே ஒரு தெர்மாமீட்டர், பார்த்துச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள்: கேட்க வேண்டியது இவற்றை. பல வருடங்களாக இவை எல்லாவற்றின் வேலையையும் ஒரு பிளாஸ்டிக் மூடி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் சொன்னால், "அப்ப காய்ச்சலைக் கண்டுக்கவே வேண்டாமா? டெங்கு வந்தா?" என்று கேட்பார்கள். டெங்குதான் எண்ணை மட்டும் பார்ப்பவர்களை மிகக் கொடுமையாக ஏமாற்றுவது. 2017-ல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்ததாகவும் 65 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு. குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊர்களில் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடுகிறது. அணை இருக்கும் ஊர் என்பதால் ஆனைக்குட்டம் தப்பிவிடாது. டெங்குவில் முதல் மூன்று நாலு நாள் காய்ச்சல் கொளுத்தும். பெரிய ஆபத்து பெரும்பாலும் அப்போது இல்லை. காய்ச்சல் இறங்கும்போதும் அடுத்த ஒன்றிரண்டு நாளிலும்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீடே மூச்சு விடும் நேரம் அது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் இரத்தம், சில்லிட்ட கைகால், சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது: தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் அப்போது ஓட வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது டைக்ளோஃபெனாக் ஊசியும் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தப்போக்கைக் கூட்டலாம்.

எண்ணை மட்டும் நம்புவது இன்னொரு பக்கத்திலும் ஏமாற்றும். மூன்று வயதுப் பையனின் 99.5-க்குப் பதறும் அதே வீட்டில், பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தைக்கு 99.8 இருந்தால் "சீர் தட்டியிருக்கும்" என்று உரை மருந்து இழைத்துக் கொடுப்பார்கள். பயப்பட வேண்டிய இடம் அதுதான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 99.5 இருந்தாலே அதை கடுமையான கிருமித் தொற்றுக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது நம் அரசின் நெறிமுறை. உடம்பு 95.9-க்குக் கீழே சில்லிட்டாலும் அப்படித்தான். வீட்டில் சிரப் கொடுத்து விடியும் வரை பார்க்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு லேசான காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. ஒரே 99.8, ஒரு பிள்ளைக்கு விளையாட்டு, ஒரு பிள்ளைக்கு ஆம்புலன்ஸ். எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர் இரண்டிலும் தவறுவார்.

கத்திரி வெயிலில் பூட்டிய காரிலோ தகரக் கொட்டகையிலோ இருந்த பிள்ளையின் உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது காய்ச்சலே இல்லை, வெப்பத் தாக்குதல். அங்கே ஹைபோதலாமஸ் அளவை உயர்த்தவில்லை, உடம்பு தோற்றுப்போயிருக்கிறது. பாராசிட்டமாலால் பயனில்லை. நிழலுக்குத் தூக்கி, துணியைக் கழற்றி, தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் தாண்டிய, ஓடியாடும் பிள்ளைக்கு 99, 100 இருந்தால் பார்க்க வேண்டியவை வேறு. குடிக்கிறானா? சிறுநீர் வழக்கம்போல் போகிறானா? பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறானா, பொம்மையைக் கேட்கிறானா? மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கிறதா? கழுத்தை மடக்க விடாமல் அழுகிறானா? அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி உடம்பில் இருக்கிறதா? குடிப்பதையும் நிறுத்திவிட்டான், எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறான், எழுப்பினால் எழவில்லை, அல்லது மேலே சொன்ன விலா இழுப்போ கழுத்து விறைப்போ சிவப்புப் புள்ளியோ இருக்கிறது என்றால், எண் எதுவானாலும் டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் அப்படியே. இந்த அபாய அடையாளங்கள் எதுவும் இல்லை என்றால் கஞ்சி, மோர், இளநீர், தாய்ப்பால், பருத்திச் சட்டை, காற்றோட்டம் போதும். காய்ச்சலுக்குப் பட்டினி போட வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், அது நடுக்கத்தைத்தான் கூட்டும்.

பிள்ளை வலியாலும் சோர்வாலும் துவண்டு படுத்திருந்தால் பாராசிட்டமால் தாராளமாகக் கொடுக்கலாம். எடைக்கேற்ற அளவில், பாட்டிலோடு வந்த அளவுக் குவளையால். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-ல் இதைத்தான் சொன்னது: காய்ச்சல் மருந்தின் நோக்கம் பிள்ளைக்கு ஆறுதல் தருவது, எண்ணைச் சரிசெய்வது இல்லை.

இப்போது அதே ஆனைக்குட்டத்து வீட்டுக்குத் திரும்பலாம். சுவரில் தினசரித் தாள் காலண்டர் தொங்குகிறது. சிவகாசியில் அச்சடித்தது; ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் அதில் உண்டு. அதன் ஓரத்து வெற்றிடத்தில் பால்பாயின்ட் பேனாவால் நாலு வரி எழுத இடமிருக்கிறது. "காலை 6.30 – 99.6. பன்னு முழுசும் தின்னான். ரெண்டு தடவை ஒண்ணுக்குப் போனான். மருந்து குடுக்கல." மத்தியானம் ஆச்சி அதன் கீழே இன்னொரு வரி எழுதுவார், எழுதத் தெரியாவிட்டால் பள்ளி விட்டு வந்த பேத்தி எழுதுவாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்ததும் தாய் முதலில் அந்தத் தாளைப் படிப்பார். மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டி வந்தால், கிழித்த மூன்று தாள்களையும் மடித்துக் கையோடு கொண்டுபோவார். டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில் இருக்கும்.